ஓய்வு பெற்றவர் தன் உறவு வட்டத்தை வரைந்து பார்ப்பது எப்படி

பென்ஷன் வருகிறது, உடம்பும் பரவாயில்லை, ஆனாலும் ஏதோ வெறிச்சென்று இருக்கிறது. ஓய்வு பெற்ற முதல் சில மாதங்களில் பலரும் சொல்வது இது. எந்த உறவு விட்டுப்போனதால் இப்படி என்று கண்டுபிடிக்க, அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் கானும் டோனி அன்டோனுச்சியும் 1980-இல் எழுதிய மூன்று வட்ட முறை நன்றாக உதவும்.

ஏ4 தாளின் நடுவில் ‘நான்’ என்று எழுதி, சுற்றிலும் மூன்று வட்டம் போடுங்கள். இவர் இல்லாத வாழ்க்கையை நினைக்கவே முடியாது என்பவர்கள் முதல் வட்டம். அவ்வளவு நெருக்கம் இல்லாவிட்டாலும் முக்கியமானவர்கள் இரண்டாவது. மற்ற வேண்டியவர்கள் மூன்றாவது. பென்சிலில் எழுதுங்கள், அழிக்க நேரும். கூடப்பிறந்தவர் என்பதற்காகவே ஒருவரை முதல் வட்டத்தில் போடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையென்றால் அவர் இடம் அதுவல்ல. தாளை யாருக்கும் காட்டப் போவதில்லை.

இனி, மூல முறையில் இல்லாத ஒரு படி. ஒவ்வொரு பெயருக்கும் கீழே, அவர் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார் என்று எழுதுங்கள்: அப்பா, மாமா, தாத்தா, டேய், சார். ‘டேய்’ என்பவரிடம் பேசும்போது நீங்கள் வேறு ஆள், ‘தாத்தா’ என்னும் குழந்தையிடம் வேறு ஆள். வேலையில் இருந்த கடைசி வருஷத்துக்கும் இன்னொரு தாள் போட்டு ஒப்பிட்டால், எந்தக் கூப்பிடல் காணாமல் போனது என்று தெரிந்துவிடும். ‘சார்’ போயிருந்தால், உங்களிடம் யோசனை கேட்க ஆள் வேண்டும். பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுப்பதில்கூட அது திரும்பக் கிடைக்கும். ‘டேய்’ போயிருந்தால் கஷ்டம். அதைப் புதிதாக யாரும் தர முடியாது. மிஞ்சியிருக்கிற பழைய நண்பருக்கு வாரம் ஒரு நாள் குறித்துவைத்துப் போன் செய்யுங்கள்.

புதுப் பழக்கத்துக்குப் பொறுமை வேண்டும். அறிமுகமானவர் ஓரளவு நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் பிடிக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் கணக்கிட்டார். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் முதல் படிக்கே ஆறு மாதம். மூன்றாவது வாரமே ‘ஒட்டவில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். சேர்ந்து வேலை பார்த்த நேரம் இந்தக் கணக்கில் அவ்வளவாக உதவுவதில்லை என்றும் அவர் கண்டார். முப்பது வருஷம் பக்கத்து மேஜையில் இருந்தவர் ஒரு போன்கூடச் செய்யவில்லையே என்று நோகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வட்டத்தில் மனைவி பெயர் மட்டுமே இருந்தால் உடனே கவனிக்க வேண்டும். நாள் முழுக்க அவர் பின்னாலேயே இருந்தால், கோயில், பக்கத்து வீடு என்று அவருக்கிருந்த வட்டமும் சுருங்கும். அவரும் தனியாக ஒரு தாள் வரையட்டும்.

ஆறு மாதம் கழித்து மறுபடி வரையுங்கள். ஒப்பிட வேண்டுமென்பதால் பழைய தாள்களில் தேதி போட்டு வையுங்கள்.