அம்மாவோடு கொமினோ: மால்டாவில் ஒரு நாள் படகுப் பயணம் போவது எப்படி

மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு இருபது வருடமாக ஃபெரியில் வேலைக்குப் போய் வருகிறேன். கடல் நமக்குப் பழக்கம்தானே என்ற தைரியத்தில் 2025 ஜூன் மாதம் அம்மாவையும் தம்பி மகனையும் கூட்டிக்கொண்டு மால்டாவுக்குப் போனேன். அங்கே இரண்டு நாள் படகேறினோம். முதல் நாள் அம்மா காலைக்கூட நனைக்காமல் திரும்பினார். இரண்டாம் நாள் கழுத்தளவு தண்ணீரில் அரை மணி நேரம் நின்றார். இரண்டு நாளும் அதே தீவு, அதே கடல். படகையும் நேரத்தையும் மாற்றினோம், அவ்வளவுதான். வயதானவர்களை ஓட்டலில் உட்கார வைத்துவிட்டுப் போகிற பிள்ளைகள் நம்மில் நிறையப் பேர். அப்படி விட வேண்டியதே இல்லை. கூட்டிப்போகும் வழியைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். மால்டா நாடு முழுவதையும் சேர்த்தாலே 316 சதுர கிலோமீட்டர்தான். நம் பினாங்குத் தீவைவிடச் சற்றே பெரிது. மால்டா, கோசோ, கொமினோ என்று மூன்று தீவுகள் முக்கியம். 1964 வரை வெள்ளைக்காரன் ஆண்ட இடம் என்பதால் வண்டி இடது பக்கம் ஓடுகிறது, நம் வீட்டு மூன்று முள் பிளக் அப்படியே பொருந்துகிறது, கிட்டத்தட்ட எல்லாரும் ஆங்கிலம் பேசுகிறார்கள். மலேசியக் கடப்பிதழுக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டாம். 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். இங்கிருந்து நேரடி விமானம் இல்லை. நாங்கள் இஸ்தான்புல்லில் மாறிப் போனோம்.

படகுத்துறையில் நேர அட்டவணையைப் பார்த்துத் தம்பி மகன் சத்தம் போட்டான்: "அத்தை, இது மலாய் மாதிரியே இருக்கு!" மால்டா மொழி அரபு வழி வந்தது, மலாயின் கிழமைப் பெயர்களும் அப்படித்தான். ஞாயிறு அங்கே ஹாத், வியாழன் ஹமிஸ், சனி சிப்த். அஹாட், காமிஸ், சப்து என்று சொல்லி வளர்ந்த நமக்கு அட்டவணை பாதி தானாகவே புரிந்துவிடும்.

சரி, படகுக்கு வருவோம். கொமினோவுக்குப் போக இரண்டு வழி. ஸ்லீமாவிலிருந்தும் புஜிப்பாவிலிருந்தும் பெரிய படகுகள் கிளம்பும். மேல்தளம், பாட்டு, மதியச் சாப்பாடு, நூற்றுக்கணக்கில் ஆட்கள். இன்னொரு வழி, மால்டாவின் வடமுனையில் உள்ள சிர்கெவ்வா துறைக்குப் பஸ்ஸில் போய் அங்கிருந்து சின்னப் படகு பிடிப்பது. கடலைத் தாண்டக் கால் மணி நேரம் போதும். ஸ்லீமாவிலிருந்து 222-ஆம் எண் பஸ் சிர்கெவ்வா வரை போகும். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும் என்றாலும், கடலில் ஆட்டம் காணும் நேரத்தைவிடத் தரையில் உட்கார்ந்து போகும் நேரம் அம்மாக்களுக்கு நல்லது.

முதல் நாள் நாங்கள் ஸ்லீமாவில் பெரிய படகைத்தான் பிடித்தோம். ஓட்டல் வாசலிலேயே துறை, வசதி என்று நினைத்தேன். பத்து மணிக்குக் கிளம்பி, கொமினோவில் எல்லாரும் குளிக்கப் போகும் நீலக் காயலுக்கு (ப்ளூ லகூன்) போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். சுற்றிலும் படகு மேல் படகு. தண்ணீரில் இறங்கும் ஏணி செங்குத்து. படி ஒவ்வொன்றும் குழாய்க் கம்பி கனம்தான். கழிப்பறை கீழ்த்தளத்தில், அதற்கும் நெட்டுக்குத்தான படி. கரையில் இறங்கலாம் என்றால் முன்பதிவு வேண்டுமாம். சீட்டு விற்றவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க, நான் பையைப் பாத்துக்கறேன்" என்றார் அம்மா. நாலு மணி நேரம் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே, காசு கட்டுவதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். ஏணி சாய்வா, செங்குத்தா? கைப்பிடி தண்ணீருக்குள் இறங்குகிறதா? உட்காரும் இடத்துக்கு மேலே கூரை இருக்கிறதா? கழிப்பறைக்குப் படி இறங்க வேண்டுமா? ஏணியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் போகாதீர்கள். இரண்டாம் நாளுக்கு நான் பேசிய படகோட்டி அரை மணி நேரத்தில் மூன்று படம் அனுப்பினார். பன்னிரண்டு பேர் போகும் படகு. பின்பக்கம் தாழ்வான மேடை, அதிலிருந்து சாய்வான ஏணி, அகலப் படி. விலை முதல் படகைவிடக் கூடுதல்தான். யூரோவை ஏறத்தாழ 5 மலேசிய வெள்ளியால் பெருக்கிப் பார்க்கும்போது நெஞ்சு கொஞ்சம் அடைக்கும். ஆனால் அவ்வளவு தூரம் விமானச் சீட்டு எடுத்துப் போன பிறகு இந்த இடத்தில் கையை இறுக்க வேண்டாம்.

அந்த முன்பதிவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 மே மாதத்திலிருந்து நீலக் காயல் கரையில் இறங்குகிறவர்கள் இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கட்டணம் இல்லை. காலை, மதியம், மாலை என்று நேரம் பிரித்திருக்கிறார்கள். போனில் வரும் குறியீட்டைக் காட்டினால் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். படகிலிருந்து நேரே தண்ணீரில் இறங்கிப் படகுக்கே திரும்புகிறவர்களுக்கு இது தேவையில்லை. கோடையில் போனால் காலை நேரத்தைப் பிடியுங்கள். பத்து மணிக்குள் காயலில் இருந்தால் அது ஓர் இடம். பதினொன்றரைக்குப் போனால் வேறோர் இடம். காலை கிடைக்காவிட்டால் நாலு மணிக்கு மேல். ஜூனில் அங்கே சூரியன் மறைவது இரவு எட்டேகாலுக்குத்தான். ஏழரைக்கு இருட்டிப் பழகிய நமக்கு அந்த நீண்ட மாலை பெரிய வரவு.

பதிவெல்லாம் செய்தாலும் கடைசியில் முடிவு சொல்வது காற்றுதான். நம் மீனவர்கள் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருப்பதுபோல அவர்களும் வைத்திருக்கிறார்கள். வடமேற்குக் காற்று மஜிஸ்ட்ரால். அங்கே அதிகம் வீசுவது அதுதான். வடகிழக்கு கிரிகால், தென்கிழக்கு ஷ்லொக். மஜிஸ்ட்ரால் பலமாக வீசினால் மால்டாவுக்கும் கோசோவுக்கும் நடுவிலுள்ள கால்வாய் குலுக்கி எடுத்துவிடும். ஸ்லீமா துறை மறைவான இடம் என்பதால் அங்கே நின்று பார்த்தால் கடல் கண்ணாடிபோல இருக்கும், நம்பிவிடாதீர்கள். படகேறுவதற்கு முந்தின நாள் இரவே படகோட்டியிடம், "நாளைக்கு எந்தக் காற்று?" என்று கேளுங்கள். நல்ல படகோட்டி, தீவின் எந்தப் பக்கம் மறைவு கிடைக்குமோ அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவேன் என்பார். எந்தக் காற்றானாலும் நீலக் காயல்தான் என்று சொல்கிறவரைவிட இவர் மேல். ஊரில் இருக்கும் நாள்களில் படகை முதல் நாளுக்கே வைத்துக்கொள்ளுங்கள். காற்று கெடுத்தால் தள்ளிப்போட நாள் மிச்சம் இருக்கும்.

குமட்டலுக்கு மாத்திரை போடுகிறவர்கள் படகேற ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். ஆடத் தொடங்கிய பிறகு போட்டால் பயனில்லை. வேறு மருந்து சாப்பிடும் பெரியவர்களுக்கு டாக்டரைக் கேட்டே கொடுங்கள். உட்காரும் இடம் கீழ்த்தளம், நடுவிலிருந்து பின்பக்கம். கண் தூரத்துக் கரையில் இருக்கட்டும். போனைப் பார்க்க விடாதீர்கள். அம்மா பாலிக் புலாவ் ஜாதிக்காய் ஊறல் ஒரு டப்பா கொண்டுவந்தார். ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு வழி முழுக்க வந்தார். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டிக்கும் இரண்டு துண்டு போனது.

உடுப்பு விஷயத்தில் நம் பெண்கள் சங்கடப்பட்டே தண்ணீரில் இறங்காமல் போகிறார்கள். பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் போடுவதையே அங்கும் போடலாம்: நீளக் கால்சட்டை, முழுக்கை நீச்சல் சட்டை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. துப்பட்டா மட்டும் வேண்டவே வேண்டாம், ஏணியில் சிக்கும். வளையலைக் கழற்றி ஓட்டலில் வையுங்கள். தாலியைக் கழற்ற மாட்டேன் என்பார்கள். சட்டைக்கு உள்ளே விட்டு ஊக்கு குத்திவிடுங்கள். கரை முழுக்கப் பாறை, வழுக்கும். ரப்பர் அடிக்கால் வைத்த தண்ணீர்ச் சப்பாத்து இல்லாமல் இறங்க வேண்டாம்.

இனி தண்ணீர். நம் கடல் சேற்றோடு ஓடும் கடல். ஆறும் சதுப்பும் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. மால்டாவில் ஆறே இல்லை. சுண்ணாம்புப் பாறை, வெள்ளை மணல், மேலே வெயில். அதனால்தான் அந்த நீலம். அழகு சரி, ஆனால் அடித்தரை பளிச்சென்று தெரிவதால் இடுப்பளவு என்று நினைத்து இறங்கினால் தலைக்கு மேல் இருக்கும். ஆழத்தைப் படகோட்டியிடம் கேட்டு, நீச்சல் தெரியாதவர்களுக்கு மிதவைச் சட்டையைப் படகிலேயே மாட்டிவிடுங்கள். உப்பும் நம் கடலைவிட அதிகம், உடம்பு எளிதாக மிதக்கும். இன்னொன்று, குளிர். நம் கடல் வருடம் முழுக்க 29 பாகை, வெந்நீர் மாதிரி. அங்கே ஜூனில் 22 பாகை அளவில்தான் இருக்கும், ஆகஸ்டில் 26. குளிர் ஒத்துக்கொள்ளாதவர்களைச் செப்டம்பரில் கூட்டிப் போங்கள். கோடை முழுக்க வாங்கிய சூட்டைக் கடல் அப்போதும் வைத்திருக்கும், கூட்டமும் குறையும்.

அம்மாவை இறக்கியது இப்படித்தான். படகோட்டி காலுக்கு நிலம் எட்டும் இடம் பார்த்து நிறுத்தினார். முதலில் நான் இறங்கி ஏணிக்குக் கீழே நின்றேன். அம்மா மேடை விளிம்பில் உட்கார்ந்து கணுக்கால் வரை காலைத் தொங்கவிட்டார். ஐந்து நிமிடம் அப்படியே. அப்புறம் கையால் தண்ணீரை அள்ளிப் பிடரியிலும் நெஞ்சிலும் தேய்த்துக்கொண்டார். இதைச் செய்யாமல் நேரே இறங்கினால் மூச்சு அடைக்கும். பிறகு திரும்பி, முகம் படகைப் பார்க்க, ஏணியில் இறங்குவதுபோலவே பின்பக்கமாக ஒவ்வொரு படி. "புடிச்சிக்கோ, விட்டுடாதே" என்று அவர் சொல்ல, ஒரு பாதத்தை நானே பிடித்து அடுத்த படியில் வைத்தேன். மூன்றாம் படியில் தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் "ஆத்தாடி" என்றார். அடுத்த படியில் கையை விட்டார். மிதவைச் சட்டை தூக்கியது. கால் மணலைத் தொட்டதும் குனிந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து விரலும் தெரிந்தன.

ஏறுவதற்கு முன் ஒரு துண்டும் சூடான சீரகத் தண்ணீரும் தயாராக இருக்கட்டும். சீரகம் என்றதும் இன்னொன்று: மால்டாக்காரர்கள் கொமினோவைக் கெம்முனா என்கிறார்கள். அந்தப் பெயருக்குச் சீரகம் என்று பொருள். ஒரு காலத்தில் அங்கே விளைந்ததாம். படகோட்டி இதைச் சொன்னபோது அம்மா பிளாஸ்கைத் திறந்து அவருக்கும் ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தார்.

சொறிமீன் பயமும் உண்டு. ஊதா நிறத்தில் சின்னதாக ஒரு வகை சில நாள் காற்றோடு வரும். கரையில் ஊதாக் கொடி பறந்தால் இறங்காதீர்கள். பட்டுவிட்டால் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, தேய்க்கக் கூடாது. நம் பக்கத்தில் வினிகர் ஊற்றுவார்கள். இந்த வகைக்கு அது ஒத்துவராது.

சாப்பாடு கையில் கொண்டுபோவது நல்லது. கொமினோவில் இருப்பதெல்லாம் தள்ளுகடைகள்தான். காலையில் பசியாறியது லேசாக இருக்கட்டும். ஊரில் தக்காளி தேய்த்து ஒலிவ எண்ணெய் விட்ட ரொட்டி விற்கிறார்கள். அதில் சூரைமீன் வைப்பது வழக்கம், சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். பஸ்திஸ்ஸி என்று நம் கறிபஃப் மாதிரி ஒன்று, உள்ளே பட்டாணி அல்லது பாலாடைக்கட்டி. மாவில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இங்கிருந்து எடுத்துப் போவதில் இறைச்சியும் பால் பண்டமும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கூடாது. பால்கோவா வேண்டாம். நெத்திலிச் சம்பல் போகலாம். நாங்கள் அந்த ரொட்டிக்குள் சம்பலைத் தடவிச் சாப்பிட்டோம்.

ஒரே நாளில் கோசோவையும் சேர்த்துக் காட்டுகிறேன் என்று சில படகுகள் விற்கும். வேண்டாம். கோசோவில் ஜிகன்தியா கோயில்கள் இருக்கின்றன; எகிப்துப் பிரமிடுகளுக்கும் முந்தியவை, 5,500 வருடப் பழமை. அவற்றை ஒரு மணி நேரத்தில் ஓடிப் பார்ப்பது முறையல்ல. சிர்கெவ்வாவிலிருந்து கோசோவுக்குக் கார் ஏற்றும் ஃபெரி 25 நிமிடம்தான்; அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். கொமினோ நாளில் மிச்ச நேரம் இருந்தால், 1618-இல் கட்டிய காவல் கோபுரம் வரை நடக்கலாம். நிழலே இல்லாத மண் பாதை. அம்மாவைப் படகில் விட்டுவிட்டு நானும் பையனும் மாலையில்தான் போனோம். இந்த முறை அவர் பையைப் பார்க்கவில்லை, கூரைக்குக் கீழே காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது கடைசிப் படகுக்குக் காத்திராமல் அதற்கு முந்தியதைப் பிடியுங்கள். கடைசிப் படகின் ஆட்கள் மொத்தமாக ஒரே பஸ்ஸுக்கு வருவார்கள், பெரியவர்களுக்கு உட்கார இடம் கிடைக்காது. ஈர உடுப்பை அங்கேயே மாற்றிவிடுங்கள். பஸ்ஸில் குளிர்சாதனம் சில்லென்று அடிக்கும்.