திருமலைக்கு இலக்கியத் தடம் தேடி வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்தாளர் பிறந்த ஊர், குடியிருந்த வீடு, கதையில் வரும் கரை என்று தேடிக்கொண்டு, திருமலை என்று நாங்கள் சொல்லும் திருகோணமலைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருகிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரிகிறேன். தொடக்கத்தில் நானும் என் கூட்டாளிகளும் விட்ட பிழைகளையே அவர்களும் விடுகிறார்கள். தொப்பி கொண்டு வாருங்கள், பூட்டிக் கிடக்கிற படலைக்கு மேலால் ஏறாதீர்கள் என்பதெல்லாம் சொல்லாமலே தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

வீட்டை மட்டும் தேடுவது

"மோகனாங்கி எழுதினவருடைய வீடு எந்தத் தெருவில் அண்ணா?" பஸ்ஸால் இறங்கியதும் கேட்கிற கேள்வி இது. தி. த. சரவணமுத்துப்பிள்ளை இந்த ஊர்க்காரர்தான். ஆனால் அவர் சென்னைக்குப் போய் அங்கேயே படித்து வேலை பார்த்தவர். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுகிற மோகனாங்கி 1895-ல் வெளிவந்ததும் சென்னையில்தான். கதை நடப்பது சொக்கநாத நாயக்கர் காலத்துத் தமிழகத்தில். அவருடைய அண்ணன், பதிப்பாசிரியர் கனகசுந்தரம்பிள்ளையின் தமிழ்ப்பணியும் பெரும்பாலும் அக்கரையில்தான் நடந்தது. ஊரை விட்டுப் போனவருக்கு ஊரில் ஒரு நினைவில்லம் காத்திருக்கும் என்று நினைத்து வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டையும் புதுச்சேரியில் அவர் குடியிருந்த வீட்டையும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லா எழுத்தாளருக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று நினைக்கிறார்கள். திருவல்லிக்கேணியில் உ. வே. சாமிநாதையர் வாழ்ந்த தியாகராச விலாசத்தையே 2012-ல் இடித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய மனிதருக்கே அந்த நிலை.

வீடு இல்லையென்றால் வேறு தடத்தைப் பாருங்கள். சுவாமி விபுலானந்தர் இங்கே இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். அவரை நினைத்து வருகிறவர்கள் கல்லூரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், பிறந்த ஊரான காரைதீவுக்கும் மட்டக்களப்புப் பக்கத்துக் கல்லடி உப்போடைக்கும் போக வேண்டும். சிவானந்த வித்தியாலய வளவிலுள்ள அவருடைய சமாதியில் "வெள்ளைநிற மல்லிகையோ" பாட்டைப் பொறித்திருக்கிறார்கள். அங்கே நின்று அதை வாய்விட்டுப் படியுங்கள்.

ஜேன் ஒஸ்ரின் இங்கே வந்ததில்லை

நகரத்துப் பழைய ஆங்கிலேயர் சேமக்காலையில் இருப்பது ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினுடைய தம்பி சார்ள்ஸின் கல்லறை. கடற்படைத் தளபதியாக இருந்த அவர் 1852-ல் பர்மாப் போரின்போது ஐராவதி ஆற்றில் நோயில் இறந்தார். அக்கா அதற்கு 35 வருடம் முன்பே, 1817-ல், இங்கிலாந்தில் இறந்துவிட்டார். இந்தத் தம்பி இளவயதில் தனக்குக் கிடைத்த பரிசுப் பணத்தில் இரண்டு அக்காமாருக்கும் புஷ்பராகச் சிலுவை வாங்கிக் கொடுத்தவர். ஒஸ்ரினின் மான்ஸ்ஃபீல்ட் பார்க் நாவலிலும் கடற்படையில் இருக்கிற அண்ணன் தங்கைக்கு ஒரு சிலுவை கொடுக்கிறான். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கல்லறைக்குப் போனால்தான் போனதற்குப் பலன்.

மூதூர்க் கல்லை அப்படியே நம்புவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும். எத்தனை தரம் சொன்னாலும் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வந்துகொண்டேயிருக்கிறது.

நகரத்துக்கு எதிர்க்கரையிலுள்ள மூதூரில் 1893-ல் நாட்டிய கல் ஒன்று உண்டு. அதன் ஆங்கில வாசகம் சொல்வது இதுதான்: இது வெள்ளைக்காரன் மரம், ஆன் என்ற கப்பலின் கப்டன் ரொபர்ட் நொக்ஸ் 1660-ல் இதன் கீழே பிடிபட்டார், கண்டி அரசன் அவரை 19 வருடம் சிறைவைத்திருந்தான். வருகிறவர்கள் படம் எடுத்து, அதை மொழிபெயர்த்துப் பிரசுரத்தில் போட்டுவிடுகிறார்கள். இலங்கையைப் பற்றி 1681-ல் இலண்டனில் புகழ்பெற்ற நூலை வெளியிட்ட ரொபர்ட் நொக்ஸ் இவர்தான் என்று கீழே ஒரு வரியும் சேர்ப்பார்கள்.

அந்த வாசகத்துக்குள் இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். தகப்பன் பெயரும் ரொபர்ட் நொக்ஸ், மகன் பெயரும் ரொபர்ட் நொக்ஸ். கப்டன் தகப்பன். புயலில் பாய்மரம் போய், திருத்துவதற்காக மூதூர்க் கரையிலுள்ள கொட்டியாரக் குடாவுக்குள் வந்த கப்பல் அது. கரையில் புளியமரத்தடியில் இருந்தபோது கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்தது தகப்பனை. மகன் அந்த நேரம் வேறிடத்தில். அவனுக்கு அப்போது 19 வயது. அவனையும் பிடித்துத் தகப்பனோடு சேர்த்தார்கள். தகப்பன் அடுத்த வருடமே, 1661-ல், கண்டி இராச்சியத்தில் காய்ச்சலில் இறந்தார். 19 வருடத்துக்கு மேல் கிடந்து, 1679-ல் மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற ஊரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிப் போய், நூலை எழுதியது மகன். கல்லில் முதற்பாதி தகப்பனுடைய கதை, பிற்பாதி மகனுடையது.

ஒருவராக்கிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறார்கள். முழுக் கதையும் குறைந்துவிடும். பிடிபட்ட பிறகு, கப்பலை உள்ளே கொண்டுவரச் சொல்லி மகனைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். அவன் ஏறிப் போனான். உள்ளே வரவேண்டாம், கவனமாக இருங்கள் என்று மாலுமிகளை எச்சரித்தான். அப்படியே கப்பலோடு போயிருக்கலாம். ஆனால் திரும்பி வருவேன் என்று தகப்பனுக்கு வாக்குக் கொடுத்திருந்தபடியால் தானாகக் கரைக்குத் திரும்பி வந்தான். பிறகு காய்ச்சலில் கிடந்த தகப்பனைப் பார்த்ததும் அவனே, தன் கையாலேயே புதைத்ததும் அவனே. கொட்டியாரக் கரையில் நின்று இந்த இடத்தை நான் சொல்லும்போது, உயர்தரம் படிக்கிற ஒரு பெடியன் குடாவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கேட்டான்: "கப்பல் கண்ணுக்குத் தெரியத் தெரியவா அண்ணா திரும்பி வந்தவர்?" கல்லை மட்டும் படித்தவனுக்கு இந்தக் கேள்வி வராது.

இதில் எனக்கு ஆத்திரம் வந்தது ஒரு பாடசாலை வினாடி வினாவில். மரத்தடியில் பிடிபட்டவர் யார் என்று கேட்டிருந்தார்கள். நொக்ஸின் நூலைப் படித்திருந்த ஒரு பிள்ளை, நூல் எழுதியவரின் தகப்பன் என்று எழுதினாள். பிழை என்று வெட்டினார்கள். விடைத்தாள் திருத்தியவர்களின் கையில் இருந்தது கல்லின் படம். நான் போய்க் கதைத்தேன். "கல்லிலேயே இருக்குதே ஐயா" என்றார்கள். படித்த பிள்ளைக்குப் புள்ளி இல்லை, கல்லைப் பார்த்த பிள்ளைக்குப் புள்ளி. அந்தப் பிள்ளை அடுத்த முறை எதற்குப் புத்தகத்தைத் திறக்கப் போகிறாள்?

ஆகவே எந்த ஊரிலும் நினைவுக்கல்லைக் கண்டால் முதலில் நாட்டிய வருடத்தைப் பாருங்கள். மூதூர்க் கல் சம்பவம் நடந்து 233 வருடத்துக்குப் பிறகு வந்தது. பிறகு எழுத்தாளரின் சொந்த எழுத்தை எடுத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். ஒத்துவராத இடம் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். இது முடியாதென்றால் பிரசுரம் அடிக்காதீர்கள். அச்சில் வந்த பிழையை அடுத்த ஆள் ஆதாரமாகக் காட்டுவான்.

கோட்டை வாசலில் நிற்காமல் ஓட்டோவில் போவது

கோணேசர் கோயிலுக்குப் போகிற அவசரத்தில் கோட்டை வாசலைக் கடந்துவிடுகிறார்கள். இறங்குங்கள். போர்த்துக்கீசர் கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். வாசல் நிலையிலே தமிழ் எழுத்துள்ள கல் இருக்கிறது, செதுக்கிய மீன் இருக்கிறது. கோயிலைக் கட்டினதாகச் சொல்லப்படும் அரசன் குளக்கோட்டனைப் பற்றி "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் பாட்டை ஊரில் எல்லோருக்கும் தெரியும், முழுதாகச் சொல்வார்கள். கல்லில் இருப்பது சிதைந்த எழுத்து. இவ்வளவுதான் கல்லில் வாசிக்கக் கிடைக்கிறது, மிச்சம் வாய்மொழியாகவும் ஏடாகவும் வந்தது என்று பிரித்துச் சொல்லுங்கள். உள்ளே இராணுவ முகாம், படம் எடுக்க முன் கேளுங்கள்.

சம்பந்தர் நின்ற இடத்தைக் காட்டச் சொல்வது

அவர் கடல் கடந்து வரவில்லை. "கோணமாமலை அமர்ந்தாரே" என்று முடியும் பதிகத்தை இராமேசுவரத்தில் இருந்தபடி பாடினார் என்பதே மரபு. குரைகடல் ஓதம் முத்தைக் கொழிக்கிறது என்று பார்க்காமலே பாடியிருக்கிறார். கோயிலடி மலைப்பிளவான இராவணன் வெட்டுப் பக்கம் கீழே அலை அடிப்பதைக் கேட்டுக்கொண்டு படித்துப் பாருங்கள், என்ன பாட்டு அது!

ஆதர் சி. கிளார்க் வீட்டை இங்கே தேடுவது

அறிவியல் புனைகதை எழுதின கிளார்க்கின் வீடு கொழும்பில், பார்ன்ஸ் பிளேசில். திருமலையில் அவருடைய இடம் கடலுக்கு அடியில். 1956-ல் கோணேசர் மலையடியில் சுழியோடி, இடிந்த கோயிலின் மிச்சத்தைப் பார்த்தவர்.

குடும்பத்தவரைக் கமராவோடு போய்ச் சூழ்வது

மூதூர் எழுத்தாளர் வ. அ. இராசரத்தினம் 2001-ல் காலமானார். சொந்தங்கள், தெரிந்தவர்கள் மூதூரில் இருப்பார்கள் என்று சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது மரியாதையில்லை. முதலில் ஒருவர் மூலம் கேட்டு, வரச்சொன்னால் போங்கள். "அவர் எந்தக் கதிரையில் இருந்து எழுதினவர்" என்று கேட்காமல், அவருடைய ஒரு கதையைப் படித்துவிட்டு அதைப் பற்றிக் கதையுங்கள். வீட்டுக்காரர்களின் முகம் மலர்வதை அப்போதுதான் பார்ப்பீர்கள். 1962-ல் வந்த தோணி தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. அந்தத் தலைப்புக் கதை, சொந்தத் தோணிக்கு ஏங்குகிற மீனவக் குடும்பத்துப் பெடியனின் கதை. விடியப்புறம் தோணிகள் கரைக்கு வருகிற நேரம் கொட்டியாரக் கரையில் நின்றால் அவர் எழுதினதில் பாதி கண்முன்னே நடக்கும். புத்தகம் கிடைக்கவில்லை என்பது சாட்டு. ஈழத்து நூல்கள் ஏராளமாக நூலகம் இணையத்தளத்தில் காசில்லாமல் படிக்கக் கிடக்கின்றன.

நகரத்தையும் மூதூரையும் ஒரே நாளில் முடிப்பது

வேண்டாம். 2009-ல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு கடலால் போகிற லோஞ்சை நம்பியிருக்கத் தேவையில்லை, பஸ்ஸால் போகலாம். ஆனாலும் மூதூருக்குத் தனி நாள் வையுங்கள், முதல் நாளே போய்த் தங்கினால் இன்னும் நல்லது. ஐப்பசியிலிருந்து தை வரை மழைக்காலம், அந்த மாதங்களில் கரையில் நின்று படிக்க முடியாது.