ஓசூரில் வடமாநிலத் தொழிலாளிக்குப் புற்றுநோய் வந்தால்: நாம் செய்யும் தவறுகள்

"புகையிலை போடுவீங்களா?" என்று மருத்துவமனையில் கேட்டேன். அந்த ஒடிசா அம்மா இல்லை என்று தலையாட்டினார். கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண். கூட வந்த மகள்தான் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினாள். குடாக்கு. புகையிலையோடு வெல்லப்பாகைக் குழைத்த பசை, காலையில் பல் தேய்க்க. அவருக்கு அது பற்பசை. அவர் பொய் சொல்லவில்லை, நான்தான் தப்பாகக் கேட்டேன்.

அதனால் பொத்தாம்பொதுவாகப் புகையிலை என்று கேட்காதீர்கள். கைனி (சுண்ணாம்பு சேர்த்துக் கசக்கும் புகையிலை), குட்கா, குல் (புகையிலைப் பல்பொடி), குடாக்கு என்று பேர் சொல்லிக் கேளுங்கள். எதில் பல் தேய்க்கிறீர்கள் என்றும் கேளுங்கள்.

அழைத்து வந்த மேஸ்திரியையே மொழிபெயர்க்க வைப்பது இருப்பதிலேயே பெரிய தவறு. மார்பில் கட்டி என்று அவர் முன்னால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? வேலை போய்விடும் என்ற பயம் வேறு. ஊரில் இருக்கும் அக்காவையோ அண்ணியையோ போனில் பிடித்து ஸ்பீக்கரில் போடுங்கள். எல்லோருக்கும் இந்தி தெரியும் என்றும் நினைக்காதீர்கள். சிப்காட்டில் சந்தாலி என்ற பழங்குடி மொழி மட்டுமே சரளமாகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் "இட்லி, கஞ்சி குடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். ஒடிசாக்காரர் அறைக்குப் போய் பக்காளாதான் சாப்பிடுவார், நம் பழைய சோறு மாதிரி. கீமோ (புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து) ஓடும்போது, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். இரவெல்லாம் தண்ணீரில் ஊறிய சோறு ஆபத்து. "பக்காளா இப்போ வேண்டாம், சூடா வடிச்ச சோறு சாப்பிடுங்க" என்றால்தான் புரியும். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சத் பூஜைக்குப் பீகார்ப் பெண்கள் 36 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றிக்கொள்பவருக்கு உடலில் நீர் குறைந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். விரதத்தைத் திட்டாதீர்கள். தேதியை முன்பே கேட்டு, மருத்துவரிடம் சொல்லி மருந்து நாளை மாற்ற முடியுமா பாருங்கள்.

இங்கே ரேஷன் கார்டு இல்லையே என்று திருப்பி அனுப்பவும் வேண்டாம். பீகார், ஜார்க்கண்ட்காரர்களின் ஆயுஷ்மான் அட்டை (மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை), இங்கே அந்தத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளிலும் செல்லும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஒடிசாவும் 2025-இல் சேர்ந்துவிட்டது.

முடி கொட்டும் என்பதை மருந்து ஏற்றும் முன்பே சொல்லுங்கள். நம் பக்கம் மொட்டையைப் பார்த்தால் "திருப்பதியா?" என்பார்கள். வடமாநிலத்தவர் பலருக்கு அது வீட்டில் சாவு விழுந்ததன் அடையாளம். ஜார்க்கண்ட் தம்பி ஒருவன் வார்டில் தொப்பியே போடமாட்டான். அம்மாவிடமிருந்து வீடியோ கால் வந்தால் மட்டும் தலையணைக்கு அடியில் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பேசுவான்.