டெபியன் 2.1-ஐ இன்னிக்கு ஓட்டிப் பாக்கறது எப்படி

லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் வகைகள்ல ஒண்ணான டெபியனோட பழைய ரிலீஸ் ஒண்ண நாமளே இன்ஸ்டால் பண்ணிப் பாக்கணும்னு ஆசை இருக்கறவங்க எடுத்த எடுப்புல 0.91, 1.1னு ரொம்பப் பின்னாடி போகாதீங்க. 1999 மார்ச்ல வந்த 2.1, அதாவது ஸ்லிங்க், அதுலேருந்து ஆரம்பிங்க, பேக்கேஜ் இறக்கி இன்ஸ்டால் பண்ற ஆப்ட்ங்கற டூல் முதல்ல வந்ததே அதுலதான். 1.0வ மட்டும் தேடாதீங்க, அப்படி ஒரு ரிலீஸே கிடையாது. 1995 கடைசில ஒரு சிடி கம்பெனி பாதி வேலைல இருந்தத 1.0னு பேர் போட்டு வித்துட்டாங்க, அந்தக் குழப்பம் வேணாம்னுதான் 1996 ஜூன்ல நேரா 1.1னு விட்டாங்க.

டெபியனோட ஆர்கைவ் சர்வர்ல ஃப்ளாப்பி இமேஜ் (ஃப்ளாப்பி டிஸ்க்க அப்படியே ஃபைலா எடுத்து வெச்ச நகல்) எல்லாம் இன்னும் பத்திரமா இருக்கு. ரெஸ்க்யூ, டிரைவர்ஸ், பேஸ் மூணு வகையும் 1.44 எம்பி சைஸ்ல இறக்கிக்குங்க.

அடுத்து கியூஎமு, அதாவது நம்ம கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கற மாதிரி ஓட்டிக் காட்டற சாஃப்ட்வேர். இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க, இப்போ இருக்கற கம்ப்யூட்டர் மாதிரியே தாராளமா எல்லாத்தையும் குடுத்துடறாங்க, ஆனா அந்தக் காலத்து கர்னலுக்கு (சிஸ்டத்தோட மையப் பகுதி) அந்தக் காலத்து மெஷின்தான் ஒத்து வரும். பிராசஸர் பென்டியம்னு வைங்க. ரேம் 64 எம்பி போதும், அதுக்கு மேல குடுத்தா 2.0 கர்னல் தானா கண்டுபிடிக்காமப் போகலாம், அப்போ பூட் பண்றப்ப நாமதான் சொல்லணும். ஹார்ட் டிஸ்க் ஐடிஈ, 500 எம்பிக்குள்ள. கர்னல ஏத்தி விடற லிலோங்கற புரோகிராம் டிஸ்க்ல 1024 சிலிண்டர் தாண்டிப் போய் கர்னலப் படிக்க முடியாம நின்னுடும்கறதாலதான் இந்த அளவு.

ரெஸ்க்யூ ஃப்ளாப்பில பூட் பண்ணுங்க, பார்ட்டிஷன் போடுங்க, ஸ்வாப்புக்கு (ரேம் பத்தலைன்னா டிஸ்க்ல எடுத்துக்கற இடம்) ஒரு 64 எம்பி ஒதுக்குங்க. அப்புறம் ஒவ்வொரு ஃப்ளாப்பியா கேட்டுக்கிட்டே வரும், கன்ட்ரோல் ஆல்ட் 2 அடிச்சா கியூஎமு மானிட்டர் வரும், அதுல இமேஜ மாத்திட்டு கன்ட்ரோல் ஆல்ட் 1 அடிச்சுத் திரும்பி வந்து அப்புறமா என்டர் தட்டுங்க. மாத்தாம என்டர் தட்டினா எரர்தான் வரும், பயப்பட வேணாம், மறுபடி அதே ஸ்டெப்ப ஓட்டுங்க.

ரீபூட் ஆனதும் எந்தெந்த பேக்கேஜ் வேணும்னு தேர்ந்தெடுக்கற டிசெலக்ட்ங்கற புரோகிராம் வரும். ஒரு பேக்கேஜத் தொட்டா அதுக்கு வேண்டியது, அதோட முட்டறதுன்னு தனி ஸ்கிரீன் ஒண்ணு திறக்கும், முதல் தடவை பாத்தா தலை சுத்தும். ஆனா எது எதை நம்பி இருக்குன்னு தன்னார்வலர்கள் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் உக்காந்து எழுதி வெச்ச உழைப்பு அந்த ஸ்கிரீன்லதான் கண்ணுக்குத் தெரியும், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே அதுதான், நிதானமாப் படிச்சுப் பாருங்க. அது சொல்றது சரின்னா என்டர், குழம்பிட்டா கேப்பிட்டல் ஆர், பழைய நிலைமைக்கு வந்துடும்.

இன்டர்நெட்டோட மட்டும் இணைக்காதீங்க, பாதுகாப்பு அப்டேட் நின்னு 20 வருஷத்துக்கு மேல ஆச்சு.