கால நீட்சி, நீளச் சுருக்கம்: மியூவானை வைத்துக் கணக்குப் போடும் முறை

நகரும் கடிகாரம் மெதுவாக ஓடுவது கால நீட்சி, நகரும் பொருள் இயக்கத் திசையில் குறுகுவது நீளச் சுருக்கம்; சிறப்புச் சார்பியலின் இந்த இரண்டும் எத்தனை மடங்கு என்று சொல்லும் எண் காமா. அதைக் கண்டுபிடிப்பதில் பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை. கண்டுபிடித்த காமாவால் எதைப் பெருக்குவது, எதை வகுப்பது என்பதில்தான் விடை கவிழ்கிறது. அதனால் சூத்திரத்தைத் தொடும் முன் காகிதத்தில் இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். எந்த இரண்டு நிகழ்வுகளுக்கு இடைப்பட்ட நேரம் கேட்கப்படுகிறது? அந்த இரண்டும் யாருக்கு ஒரே இடத்தில் நடக்கின்றன?

யாருக்கு ஒரே இடமோ, அவருடைய ஒற்றைக் கடிகாரம் காட்டுவது சொந்த நேரம். அதுதான் இருப்பதிலேயே குறைவு. மற்றவர்களுக்கு அது காமா மடங்கு. நீளத்துக்கு வேறு கேள்வி: பொருள் யாருக்கு அசையாமல் இருக்கிறது? அவர் அளப்பது சொந்த நீளம். அதுதான் இருப்பதிலேயே அதிகம். மற்றவர்களுக்கு அதைக் காமாவால் வகுக்க வேண்டும். "நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும்" என்பதை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், எது நகர்கிறது என்ற இடத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது உண்மையான எண்கள். டேவிட் ஃபிரிஷும் ஜேம்ஸ் ஸ்மித்தும் 1963இல் வெளியிட்ட சோதனை, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள வாஷிங்டன் மலையில் நடந்தது. உச்சியில் ஒரு மணி நேரத்தில் 563 மியூவான்களை (காற்றுமண்டலத்தின் மேலே உருவாகி, விழும் வழியிலேயே சிதையும் நுண்துகள்கள்) எண்ணினார்கள். 1907 மீட்டர் கீழே, ஏறத்தாழக் கடல்மட்டத்தில் உள்ள கேம்பிரிட்ஜில் (மாசசூசெட்ஸ்) 408 கிடைத்தன. வேகம் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 0.995. ஓய்வில் இருக்கும் மியூவானின் சராசரி ஆயுள் 2.197 மைக்ரோ வினாடி.

முதலில் காமா. காமா = 1 ÷ √(1 − பீட்டா²). பீட்டா என்பது வேகத்தை ஒளியின் வேகத்தால் வகுத்தது. 0.995² = 0.990025, ஒன்றிலிருந்து கழித்தால் 0.009975, வர்க்கமூலம் 0.09987; காமா 10.01.

தரையில் நிற்பவருக்கு 1907 மீட்டரைக் கடக்க ஆகும் நேரம் 1907 ÷ (2.985 × 10⁸) = 6.39 மைக்ரோ வினாடி. கால நீட்சி இல்லையென்றால் அது 2.91 ஆயுட்காலம். பிழைத்திருக்கும் பங்குக்கு, இ என்ற எண்ணை −2.91 அடுக்குக்கு உயர்த்துங்கள் (கால்குலேட்டரில் எல்என் பொத்தானின் ஷிஃப்ட் வேலை அது). 0.055 வரும். 563இல் 31தான் மிச்சம். கிடைத்ததோ 408. இப்போது ஆயுளைக் காமாவால் பெருக்குங்கள்: 22.0 மைக்ரோ வினாடி. 6.39 ÷ 22.0 = 0.290, பிழைக்கும் பங்கு 0.748, விடை 421.

அளவீடு 408தானே, 13 எங்கே போயிற்று? மியூவான் காற்றில் ஆற்றலை இழந்துகொண்டே இறங்குகிறது. கீழே வரும்போது வேகம் 0.995ஆக இல்லை. வழி நெடுகச் சராசரி எடுத்து அவர்கள் எதிர்பார்த்த நீட்சி 8.4 மடங்கு, அளந்தது 8.8 ± 0.8. மலையில் கருவிக்கு மேல் 2.5 அடி இரும்பை அடுக்கி, கடல்மட்டத்தில் அதைக் குறைத்ததும் இதற்காகத்தான். இரண்டு இடத்திலும் ஒரே கூட்டத்தை எண்ண வேண்டுமென்றால், இடையில் உள்ள காற்று செய்யும் வேலையை இரும்பில் கழித்துவிட வேண்டும்.

அடுத்து மியூவானின் குறிப்பாயத்தில், அதாவது அதோடு சேர்ந்து நகர்பவரின் பார்வையில், அதே கணக்கு. அங்கே ஆயுள் நீளாது, 2.197தான். மலைதான் எதிரே பாய்ந்து வருகிறது. 1907 மீட்டர் மலைக்குச் சொந்த நீளம் என்பதால் மியூவானுக்கு 190.5 மீட்டர். அதைக் கடக்க 0.638 மைக்ரோ வினாடி. 0.638 ÷ 2.197 = 0.29, மறுபடி 0.748. மலையின் அகலம் மாறாது. இயக்கத் திசையில் மட்டுமே சுருக்கம். சாய்ந்த கம்பி கொடுத்தால் இயக்கத் திசைக் கூறை மட்டும் சுருக்குங்கள்.

இரண்டையும் ஒரே குறிப்பாயத்தில் கலப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. 190.5 மீட்டரையும் 22.0 மைக்ரோ வினாடியையும் சேர்த்துப் போட்டால் 97 விழுக்காடு பிழைத்து 547 வரும். விடை நம்பும்படியாக இருப்பதால் இந்தப் பிழை கண்ணில் படாது. சுருங்கிய நீளம் மியூவானின் அளவீடு, நீண்ட ஆயுள் தரையின் அளவீடு. ஒரே வரியில் இரண்டும் இருந்தால் அடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

இனி, நல்ல மாணவர்களும் தடுமாறும் இடம். மியூவானின் பார்வையில் தரைக் கடிகாரங்கள்தான் நகர்கின்றன, ஆகவே அவைதான் மெதுவாக ஓட வேண்டும். மியூவானுக்கு 0.638 கழியும்போது தரைக் கடிகாரம் 0.064 மைக்ரோ வினாடி மட்டுமே ஓடியிருக்கும். அப்படியானால் தரை எப்படி 6.39 அளந்தது? தரை ஒரு கடிகாரத்தால் அளக்கவில்லை. உச்சியில் ஒன்று, அடியில் ஒன்று. தரைக்கு இரண்டும் நேரம் ஒத்தவை. மியூவானுக்கு அப்படியில்லை: அடிக் கடிகாரம் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு என்றால், வேகம் × சொந்த நீளம் ÷ ஒளிவேகத்தின் வர்க்கம் = 0.995 × 1907 ÷ (3 × 10⁸) = 6.325 மைக்ரோ வினாடி. அதோடு 0.064ஐக் கூட்டுங்கள்: 6.389. தரை அளந்த அதே எண். இருவரும் மற்றவர் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்கிறார்கள், இருவரும் சரி. முரண்பாடு போலத் தோன்றும் எந்தக் கணக்கிலும் விட்டுப்போனது, நீட்சியும் சுருக்கமும் போக, இந்த மூன்றாவது உறுப்பா (கடிகாரங்களின் நேரம் ஒத்துப்போகாமை) என்றுதான் முதலில் தேட வேண்டும்.

எண் கையாளுவதில் இரு முனையிலும் பள்ளம் உண்டு. ஒளிவேகத்துக்கு அருகில் பீட்டாவின் கடைசி இலக்கமே எல்லாம். ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில், மியூவான்களை வட்டமாகச் சுற்றவிடும் வளையத்தில், 1977இல் வெளியான அளவீட்டில், காமா 29.3, ஆயுள் 64.4 மைக்ரோ வினாடி வந்தது. அதன் பீட்டா 0.99942. அதை 0.9994 என்று சுருக்கினால் காமா 28.9 ஆகிவிடும். இப்படிப்பட்ட இடங்களில் வேகத்தை விட்டுவிட்டு ஆற்றலிலிருந்து போங்கள்: மொத்த ஆற்றல் ÷ ஓய்வு ஆற்றல். மியூவானின் ஓய்வு ஆற்றல் 105.7 மெகா எலக்ட்ரான் வோல்ட். கொடுத்தது இயக்க ஆற்றலாக இருந்தால் விடையோடு ஒன்றைக் கூட்ட மறக்காதீர்கள்.

குறைந்த வேகத்தில் வேறு சிக்கல். ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் வேகம் நொடிக்கு 3.87 கி.மீ.; பீட்டா² வெறும் 1.66 × 10⁻¹⁰. 1 − பீட்டா² என்று தட்டினால் இலக்கங்கள் வெட்டுப்பட்டு, சாதாரணக் கால்குலேட்டர் காமா ஒன்று என்று சொல்லிவிடும். இங்கே காமா − 1 ≈ பீட்டா² ÷ 2 என்ற தோராயமே போதும்: 8.3 × 10⁻¹¹. ஒரு நாளின் 86,400 நொடியால் பெருக்கினால் 7.2 மைக்ரோ வினாடி பின்தங்கல். இந்த எண்ணோடு நின்று கடிகாரத்தைத் திருத்தப் போனால் குறியே எதிராகிவிடும்: உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் அதே கடிகாரம் நாளொன்றுக்கு 45 மைக்ரோ வினாடி முந்துகிறது. அது ஈர்ப்பை விளக்கும் பொதுச் சார்பியலின் கணக்கு. இரண்டும் சேர்ந்து நிகரமாக 38 மைக்ரோ வினாடி முந்தல்.