பையனுக்குப் பெயர் வைக்கும் முன்

வெளிநாட்டுச் சாயலில் பெயர் தேடுகிறீர்களா? அந்த ஊரில் அதை யாருக்கு வைப்பார்கள் என்று முதலில் பாருங்கள். ஆண்ட்ரியா இத்தாலியில் ஆண் பெயர். நிகிதா ரஷ்யாவில் ஆண் பெயர் (சோவியத் தலைவர் குருஷேவ் ஒரு நிகிதாதான்!). நம்மூரில் இரண்டுமே பெண்களுக்கு.

அப்புறம், ழகரம். எழிலன், மகிழன் எல்லாம் அழகுதான். ஆனால் ஆங்கிலத்தில் 'இசட் எச்' போட்டால், தமிழ் தெரியாதவர் 'மகிஸன்' என்றுதான் கூப்பிடுவார். அதற்காகப் பெயரை விட வேண்டியதில்லை என்பேன். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருந்தால் சரி.

அவசரமும் வேண்டாம். இந்தியாவில் பிறப்பைப் பதிவு செய்த 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குள் மொட்டைமாடியில் நின்று நாலு தடவை சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள்.