ஒரே கருவி இரண்டு போர்ட்டில் தாவுகிறதா?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை விடுதியாக்கியவர்களுக்கு இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்: வலையமைப்புக் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியின் பதிவில் ஒரே மேக் முகவரி (கருவியின் வலையமைப்பு அடையாள எண்) 3ஆம் போர்ட்டுக்கும் 7ஆம் போர்ட்டுக்கும் (கேபிள் செருகும் துளைகள்) மாறி மாறித் தெரியும்.

எத்தனை முகவரிகள் தாவுகின்றன என்று முதலில் பாருங்கள். ஒன்றிரண்டுதான், அதுவும் எப்போதாவது என்றால் பெரும்பாலும் கைப்பேசி. சுவர் கனத்த வீட்டில் முகப்புக்கு ஒன்று, வளவுக்கு ஒன்று என்று வைஃபை பெட்டி வைத்திருப்பீர்கள். விருந்தினர் நடக்க நடக்க அவர் கைப்பேசி ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்; அதனால் போர்ட்டும் மாறும். முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), இ (E) இவற்றில் ஒன்றானால் சந்தேகம் இன்னும் வலுக்கும். கைப்பேசிகள் தாமே உருவாக்கும் முகவரிகள் அப்படித்தான் இருக்கும். விட்டுவிடுங்கள்.

ஏராளமான முகவரிகள் நொடிக்கு நொடி தாவி, போர்ட் விளக்குகள் எல்லாம் ஒருசேரத் துடித்தால் அது லூப், அதாவது தகவல் வலையமைப்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும் வளையம். பதிவில் உள்ள இரண்டு போர்ட்டுகளில் ரவுட்டர் பக்கம் போகாததைக் கழற்றுங்கள். தாவல் நின்றால் அந்தக் கேபிளின் மறுமுனைக்குப் போங்கள். வரவேற்பு மேசைக்கு அடியில் தூசி படிந்த குட்டி ஸ்விட்ச் ஒன்று கிடக்கும்; சும்மா தொங்குகிறதே என்று யாரோ ஒரு கேபிளின் இரு முனைகளையும் அதிலேயே செருகியிருப்பார்கள். (எப்போதும் அந்த 'யாரோ'தான்!)

இப்படிப்பட்ட வளையத்தைக் கண்டுபிடித்து அடைக்கும் ஸ்பானிங் ட்ரீ என்ற வசதியை ஸ்விட்சில் இயக்கி வையுங்கள். சில மலிவு ஸ்விட்சுகள் அதன் செய்திகளைக் கடத்தாது என்பதால், பிரதான ஸ்விட்சில் லூப் தடுப்பு வசதி இருந்தால் அதையும் சேர்த்தே இயக்குங்கள்.